போனிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்

மதுரை கீழமாசி வீதியில் காலை ஒன்பதரைக்குக் கடை திறந்தாலும் வியாபாரம் உடனே தொடங்கிவிடாது. வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ மாற்றி, கல்லாவுக்கு ஊதுபத்தி காட்டி, முதல் சரக்கு கைமாற அரை மணியும் ஆகும், ஒரு மணியும் ஆகும். அந்த நேரத்தில் நன்கொடை ரசீது புத்தகத்தோடு யாராவது படியேறினால் அண்ணாச்சி பதில் சொல்ல வேண்டியதே இல்லை, முகமே சொல்லிவிடும். போனி ஆகாத கல்லாவிலிருந்து காசு வெளியே போகாது. தர்மக் காரியம் என்றாலும் போகாது.

நன்கொடை கேட்கப் புதிதாக ஆள் எடுக்கும் அறக்கட்டளைகள் பலவும் இங்கேதான் முதலில் இடறுகின்றன. காலையில் கூட்டம் இருக்காது, முதலாளி சும்மா இருப்பார், பேச வசதி என்று கணக்குப் போட்டுப் பிள்ளைகளை ஒன்பதரைக்கே இறக்கிவிடுகிறார்கள். பத்துக் கடையில் முகம் திரும்பியதும் அந்தப் பிள்ளைகளுக்கு மனசு விட்டுப்போகிறது. மதியத்துக்குள் டீக்கடை பெஞ்சுக்கு வந்துவிடுகிறார்கள். "மதுரைக்காரங்க கொடுக்க மாட்டாங்க சார்" என்று சாயங்காலம் அறிக்கை வருகிறது. கொடுக்கிற ஊர்தான், கேட்ட நேரம்தான் சரியில்லை.

கடைவீதியில் கேட்பதற்கு நேரம் இரண்டு உண்டு. பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை ஒன்று. நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை இன்னொன்று. விளக்கு வைத்த பிறகு பெரும்பாலான கல்லாக்களில் காசை வெளியே கொடுக்கும் பழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை பகலிலேயே கொடுக்காதவர்களும் உண்டு, செவ்வாயும் சிலருக்கு ஆகாது. இதோடு ராகு காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். செவ்வாய் மூன்று முதல் நாலரை, புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. மூன்று நாளிலும் நல்ல நேரத்தில் ஒரு துண்டு போய்விடுகிறது. திங்களன்று கடை திறக்கும் முன்பே ராகு காலம் முடிந்துவிடும். வியாழனன்று ஒன்றரை முதல் மூன்று, அதாவது முதலாளி சாப்பிடப் போகிற நேரம். சனிக்கிழமையும் பத்தரைக்குள் முடிந்துவிடும், ஆனால் அன்றைக்குச் சம்பளப் பட்டுவாடா, கல்லா இறுக்கமாக இருக்கும். ஆக, மாசி வீதிகளுக்கும் ஆவணி மூல வீதிகளுக்கும் திங்களும் வியாழனும்தான் தோதான நாள். நமக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. கொடுக்கிறவருக்கு இருக்கிறது.

வருடக் கணக்கும் இதேபோல்தான். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம் விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, ஜவுளிக்கடைக்காரரிடம் பேச வாய் திறக்க முடியாது. சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல், அன்னதானம், மண்டகப்படி என்று கை நிறையவே செலவு, அதனால் பங்குனி முதல் பாதியிலேயே பார்த்துவிட வேண்டும். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசன ஊர்களில் தை, மாசியில் அறுவடை முடிந்த பிறகு போனால் பணமாக இல்லாவிட்டாலும் நெல் மூட்டையாகக் கிடைக்கும். நெல்பேட்டை, கோரிப்பாளையம் பக்கம் ரமலானில், அதிலும் கடைசிப் பத்து நாளில், ஜகாத் எனும் கட்டாய தர்மத்தைக் கொடுப்பார்கள். ஜகாத் இரண்டரை சதவீதம் என்பது கேட்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதை யாருக்குக் கொடுக்கலாம் என்பதற்கு எட்டு வகையினரைக் குர்ஆன் குறிப்பிடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கட்டட நிதிக்கென்று போய் நின்றால் "இதுக்கு ஜகாத் சேராது தம்பி" என்ற பதில் வரும். கொடுப்பது ஜகாத்தா, விருப்பக் கொடையான சதக்காவா என்று கேட்டு ரசீதிலேயே எழுதி, செலவையும் தனித்தனியாகக் காட்டினால் அடுத்த வருடம் அவரே கூப்பிட்டுக் கொடுப்பார்.

கடைக்குள் இரண்டு பேர் போகலாம், மூன்றாவது ஆள் போனால் கூட்டம். ஒருவர் பேச வேண்டும், மற்றவர் ரசீது எழுத வேண்டும். வாடிக்கையாளர் நின்றால் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும், கல்லாவை மறைத்துக்கொண்டு நிற்கக்கூடாது. அடையாள அட்டை கழுத்தில் தொங்க வேண்டும், சட்டைப் பைக்குள் இருந்து பயனில்லை. முதலாளி இல்லாத கடையில் கணக்குப்பிள்ளையிடம் கேட்காதீர்கள். அவரால் கொடுக்கவும் முடியாது, மறுக்கவும் சங்கடம். துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்து, முதலாளி எந்நேரம் வருவார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.

பேச்சு ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். "சார், ரெண்டே நிமிஷம்" என்று ஆரம்பிப்பதை முதலில் விட்டுவிடுங்கள். அது ரெண்டு நிமிஷம் இல்லை என்பது இருவருக்குமே தெரியும். ஒரு மாதிரி இது:

"வணக்கம் அண்ணாச்சி. ஊமச்சிகுளம் பக்கத்துல முப்பது வயசானவங்க இருக்கிற இல்லத்துலேருந்து வர்றோம். பிரஷர், சுகர் மருந்துக்கு மட்டும் மாசம் பதினஞ்சாயிரம் ஆகுது. உங்க கடை பேர்ல ஒருத்தருக்கு ஒரு மாச மருந்து, ஐந்நூறு ரூபா, ஏத்துக்க முடியுமாண்ணே?"

இதில் இடம் இருக்கிறது, ஆட்கணக்கு இருக்கிறது, எதற்கு என்பது இருக்கிறது, தொகையும் இருக்கிறது. பதினைந்தாயிரத்தை முப்பதால் வகுத்தால் ஐந்நூறு என்பதை அண்ணாச்சி நீங்கள் பேசி முடிக்கும் முன்பே மனக்கணக்காகப் போட்டுவிடுவார். கணக்கு இடிக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் தொழில். அதனால்தான் தொகையைக் குத்துமதிப்பாகச் சொல்லக்கூடாது. "உங்களால முடிஞ்சத கொடுங்கண்ணே" என்பது கேட்க மரியாதையாக இருக்கிறது, ஆனால் முடிவெடுக்கும் பாரத்தை அவர் தலையில் ஏற்றுகிறது. எவ்வளவு கொடுத்தால் மரியாதை, எவ்வளவு கொடுத்தால் குறைச்சல் என்று யோசித்து, கடைசியில் பத்து ரூபாயோடு அனுப்பிவிடுவார்.

தொகையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் கற்றுக்கொடுக்கக் கடினமானது இதுதான். அண்ணாச்சி பேனாவை உருட்டுவார், ரோட்டைப் பார்ப்பார், பையனிடம் "அந்த பருப்பு மூட்டைய உள்ள தள்ளுடா" என்பார். பத்து நொடி போகும். புது ஆளுக்கு அந்தப் பத்து நொடி தாங்காது. "இல்லண்ணே, நூறு கூட போதும்ணே" என்று தானே இறங்கிவிடுவார். ஐந்நூறு எடுக்கப் போன கை ஐம்பதோடு திரும்பும். பேசாமல் நின்றிருந்தால் ஐந்நூற்றி ஒன்றாகவே வந்திருக்கும். அந்த ஒரு ரூபாய் மொய்ப் பழக்கம், கேட்காமலே சேர்ந்து வரும்.

மொய் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீனாட்சி திருக்கல்யாணத்துக்கே மொய் எழுதுகிற ஊர் இது. எழுதப்பட்ட தொகையைப் படிக்காமல் யாரும் எழுத மாட்டார்கள். "பக்கத்துக் கடை எவ்வளவு?" என்று கேட்டபடியே ரசீது புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். முதல் மூன்று அடிக்கட்டையில் இருக்கும் தொகைதான் அந்த வீதியின் தொகையாகிவிடும். ஆகவே புதுப் புத்தகத்தை வீதியின் முனையிலிருந்து தொடங்காதீர்கள். தாராளமாகக் கொடுத்துப் பழகியவர் யாரோ, அவர் கடையில் தொடங்குங்கள். அதே காரணத்துக்காகவே கொடுப்பவரின் பான் எண், கைப்பேசி எண் இவற்றை ரசீதில் எழுதக்கூடாது. பக்கத்துக் கடைக்காரர் புரட்டும் தாளில் ஒருவருடைய பான் எண் கிடப்பது முறையில்லை. அதற்குத் தனியாக ஒரு விவரச் சீட்டு வைத்து, ரசீது எண்ணை அதில் குறித்துக்கொள்ளலாம்.

மறுப்பிலும் ரகம் உண்டு, அதைப் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். "அப்பறம் பாப்போம்" என்றால் இல்லை என்று அர்த்தம், முகத்துக்கு நேரே சொல்லாத மரியாதை. திரும்பப் போய்ப் படுத்தக்கூடாது. "வியாழக்கெழம வாங்க" என்று கிழமை சொன்னால் கொடுக்கப் போகிறார் என்று அர்த்தம். வியாழனன்றே போக வேண்டும், வெள்ளிக்குப் போனால் வாக்குத் தவறியது நீங்கள். "ஏற்கெனவே ரெண்டு எடத்துக்குக் கொடுத்துக்கிட்டிருக்கோம்" என்பது பெரும்பாலும் உண்மை. "சந்தோஷம்ணே" என்று சொல்லித் துண்டறிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். "கணக்கு காட்டுங்க பாப்போம்" என்று முறைக்கிறவர்தான் கிடைத்தற்கரிய ஆள். கையில் போன வருடத் தணிக்கை அறிக்கையின் ஒரு பக்கச் சுருக்கம் இருந்தால், அந்தக் கடையிலிருந்து வருடா வருடம் பணம் வரும். அது கையில் இல்லாமல் வீதிக்குப் போகவே கூடாது என்பேன்.

இந்தக் கேள்வி மதுரையில் கூடுதலாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2021இல் இங்கே ஒரு காப்பகத்தில் குழந்தைகளை விற்ற வழக்கு ஊரையே உலுக்கியது. அதற்குப் பிறகு "குழந்தைகள் இல்லம்" என்று ஆரம்பித்தாலே பாதிப் பேருக்குக் கண் சுருங்குகிறது. சுருங்கட்டும், நியாயம்தான். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 41ஆம் பிரிவில் இல்லம் பதிவு பெற்றிருக்கிறதா என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பதிவுச் சான்றின் நகல் கோப்பில் இருக்கட்டும். குழந்தைகளின் புகைப்பட ஆல்பத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 74ஆம் பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. சட்டம் கிடக்கட்டும், சோகப் படம் காட்டி வாங்கிய காசு ஒரு தடவைக்கு மேல் வருவதில்லை. பார்க்கிறவருக்கு மனசு கனக்கிறது, அடுத்த தடவை உங்களைக் கண்டதும் ஒதுங்குகிறார்.

இனி ரசீது. எண் அச்சிட்ட ஐம்பது ரசீது, கார்பன் நகலோடு ஒரு புத்தகம். அசல் கொடுத்தவருக்கு, நகல் புத்தகத்திலேயே இருக்கும். அறக்கட்டளையின் பெயர், முகவரி, பதிவு எண், அறக்கட்டளையின் பான், கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி ஒப்புதல் எண்ணும் அது எதுவரை செல்லும் என்ற தேதியும் அச்சிலேயே இருக்க வேண்டும். ஒப்புதல் பொதுவாக ஐந்து வருடத்துக்குத்தான். காலாவதியான எண்ணோடு அச்சடித்த பழைய புத்தகங்களைத் தீர்த்துவிடலாம் என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், மார்ச்சில் கொடுத்தவரின் ஆடிட்டர் அதைக் கண்டுபிடிப்பார். 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. கடைவீதியில் என்னவோ பெயர் 80ஜியாகத்தான் இருக்கும், ஆனாலும் புதுப் புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ரசீதைக் கொடுப்பவரின் கண் முன்னாலேயே எழுத வேண்டும். தொகை எண்ணிலும் எழுத்திலும். பணத்தை வாயால் எண்ணி வாங்க வேண்டும். "ரசீதெல்லாம் வேணாம்ப்பா, வச்சுக்க" என்று சொல்கிறவருக்கும் எழுதித்தான் கொடுக்க வேண்டும். வசூலில் நடக்கும் திருட்டு முக்கால்வாசி இந்த "வேணாம்ப்பா"வில்தான் நடக்கிறது. தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடக்கூடாது. அசலையும் நகலையும் சேர்த்துப் பின் அடித்து, இரண்டு கோடு கிழித்து "ரத்து" என்று எழுத வேண்டும். எந்தப் புத்தகம் யார் கையில், எந்த எண் முதல் எந்த எண் வரை என்று அலுவலகத்தில் ஒரு பதிவேடு வேண்டும். பழைய புத்தகம் திரும்பாமல் புதுசு தரக்கூடாது. ஒரு புத்தகம் தொலைந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, அந்த எண்கள் செல்லாது என்று வழக்கமாகக் கொடுக்கும் கடைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கூச்சப்பட்டு மறைத்தால், அந்தப் புத்தகம் ஆறு மாதம் கழித்துத் திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ வசூலில் இறங்கும்.

கொடுத்தவர் பெயரும் முகவரியும் கட்டாயம். "நலம் விரும்பி" என்று எழுதி முடித்துவிடும் பழக்கம் நம்மூரில் நிறைய. பெயர், முகவரி இல்லாத நன்கொடை சட்டத்தின் கண்ணில் அநாமதேய நன்கொடை. அறச்செயல் அறக்கட்டளைக்கு அப்படி வந்த தொகை, மொத்த நன்கொடையில் ஐந்து சதவீதம் அல்லது ஒரு லட்சம், இரண்டில் எது பெரியதோ அதைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு முப்பது சதவீத வரி. கடை மேஜையில் வைக்கும் உண்டியல் பெட்டிகளிலிருந்து வருவது முழுக்க இந்தக் கணக்கில்தான் விழும். பெட்டி வைப்பது எளிது என்று நூறு கடையில் வைத்துவிட்டு, வருடக் கடைசியில் வரி கட்டுகிறவர்கள் உண்டு. பெட்டியைத் திறக்கும்போது இருவர் இருக்க வேண்டும், கடைக்காரர் முன்னால் எண்ணி, நோட்டு வாரியாக எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். நாணயங்களை நூறு நூறாகப் பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போனால் வங்கியில் முணுமுணுப்பு குறையும்.

ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. "ரெண்டு ரசீதா பிரிச்சுப் போட்ருங்க" என்பார்கள். போடாதீர்கள். காசோலையோ யுபிஐயோ கேளுங்கள். அரிசி மூட்டை, துணி, தட்டுமுட்டுச் சாமான் இவற்றுக்கும் சலுகை இல்லை. பொருளுக்குத் தனி ரசீது போட்டு, ரூபாய் மதிப்பு எழுதாமல் எடையும் எண்ணிக்கையும் மட்டும் எழுதலாம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80ஜி கழிவே கிடையாது. இதை மறைத்து "வரி மிச்சம் சார்" என்று கேட்டு வாங்கினால், அவர் வரிக் கணக்கு தாக்கல் செய்யும் ஜூலையில் போன் வரும்.

பான் எண்ணைக் கேட்டு எழுதும்போது எழுத்துக்கு எழுத்து திரும்பச் சொல்லுங்கள். ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. தனிநபர் என்றால் நான்காவது எழுத்து "பி". ஓ எழுத்தும் சுழியமும், எஸ் எழுத்தும் ஐந்தும் கையெழுத்தில் குழம்பும். எழுத்து எங்கே, எண் எங்கே என்ற வரிசை தெரிந்தால் அந்தக் குழப்பமே வராது. 1961 வருமான வரிச் சட்டப்படி அறக்கட்டளை, கொடுத்தவர்களின் பட்டியலான 10பிடி படிவத்தை நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதைத் தாக்கல் செய்தால்தான் கொடுத்தவருக்கான 10பிஇ சான்று கிடைக்கும். பளபளப்பான ரசீது கையில் இருந்தும் சான்று வராததால் கழிவு கிடைக்காமல் போனவர் மறு வருடம் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டார்.

யுபிஐ வந்த பிறகு சில்லறை இல்லை என்ற சாக்கு ஒழிந்தது, வேறு தொல்லைகள் வந்தன. கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் அறக்கட்டளையின் பெயர் வர வேண்டும். வசூலுக்கு வந்த தம்பியின் பெயரோ செயலாளரின் பெயரோ வந்தால் அந்த நொடியே நம்பிக்கை போய்விடும், போகவும் வேண்டும். அனுப்பியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ரசீது போடாதீர்கள், அறக்கட்டளைக் கணக்கில் வரவு விழுந்ததா என்று அலுவலகத்தைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கடையில் ஒட்டிவைத்த கியூஆர் ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிற கில்லாடிகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு முறை நீங்களே ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிப்பது நல்லது.

வீதியில் நிற்கும்போது சித்திரை வீதிப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகள் விசாரிப்பார்கள், உற்சாகமாக நோட்டை நீட்டுவார்கள். வாங்கக்கூடாது. வெளிநாட்டுக் குடிமகன் இந்திய ரூபாயில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதிக்கும் எப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். திருவிழாவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த நம்மூர் அக்கா அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் இதே சட்டம்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்து துபாயில் வேலை பார்க்கிறவர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுப்பதற்குத் தடையில்லை. பஸ் நிலையம் மாநகராட்சி இடம், ரயில் நிலையம் ரயில்வே இடம், கடிதம் இல்லாமல் மேஜை போடாதீர்கள்.

அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற குடியிருப்புகளில் வீடு வீடாகப் போவது வேறு வகை வேலை. பகலில் வீட்டில் பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் இருப்பார்கள், எனவே ஒரு பெண் ஊழியராவது சேர்ந்து போக வேண்டும். கிரில் கதவுக்கு வெளியே நின்று பேச வேண்டும், உள்ளே கூப்பிட்டாலும் போகக்கூடாது. அடுக்குமாடிக் கட்டடத்தில் கதவு தட்டுவதைவிடச் சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்கி ஞாயிறு காலை கீழே மேஜை போடுவது மேல். கதவிலக்கமும் பதிலும் குறித்த தாள் இருக்கட்டும். "வேணாம்" என்ற வீட்டுக்கு அந்த வருடம் இரண்டாவது தடவை போகக்கூடாது.

இப்படிக் கேட்டால் மதுரைக்காரர் முதலில் தருவது சாப்பாடு. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பா திதி, எதுவானாலும் "ஒரு வேள சாப்பாட்டுக்கு எவ்வளவு?" என்பார். இல்லங்களுக்கு இது பெரிய ஆதரவு, பெரிய தலைவலியும்கூட. ஆடி அமாவாசைக்கு நாலு பேர் மதியச் சாப்பாடு எழுதியிருப்பார்கள், புரட்டாசி நடுவில் ஒரு வாரம் ஆளே இருக்காது. கரண்ட் பில், சமையல்காரம்மா சம்பளம், டயாபர், கழிவுத்தொட்டி சுத்தம் செய்யும் செலவு, இதற்கெல்லாம் யாரும் தன் பிறந்தநாளில் கொடுப்பதில்லை. இதற்கு ஒரே வழி சாப்பாட்டுக் கட்டணத்திலேயே அந்த நாளின் மொத்தச் செலவையும் சேர்த்து, "ஒரு நாள் பராமரிப்பு" என்று வெளிப்படையாகச் சொல்வது. காய்கறி எவ்வளவு, கேஸ் எவ்வளவு, கூலி எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று அட்டையில் பிரித்துக் காட்டினால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டுக்கு என்று வாங்கி ரகசியமாகச் சம்பளத்துக்குத் திருப்புவதைப் பிழைக்கத் தெரிந்த காரியம் என்று சிலர் சொல்வார்கள். பிடிபட்டால் அந்த வீதி முழுதும் போய்விடும்.

மாதாமாதம் வருகிற சிறு தொகைதான் இல்லத்தை நடத்தும். வீதியில் நின்று பேசி மாதச் சந்தாதாரர்களைச் சேர்க்கும் தொழில்முறை 1990களின் நடுவில் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காகத் தொடங்கி உலகம் சுற்றியது. ஆனால் மாதக் கொடை என்பது நம் ஊருக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைக்கும் பிடியரிசி அதே ஏற்பாடுதான். ஒரு பிடி ஐம்பது கிராம் என்று வைத்தால் வீட்டுக்கு மாதம் ஒன்றரைக் கிலோ, நூறு வீட்டுக்கு நூற்றைம்பது. இன்றைக்கும் சில தெருக்களில் நடக்கிறது. இதில் சிக்கல் உலையில்தான். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி, எல்லாம் ஒரே சாக்கில் வந்து சேரும். ஒன்று குழைந்து கூழாகும்போது இன்னொன்று விதை விதையாக நிற்கும். சோறாக வடிக்க முடியாது, கஞ்சிக்கோ மாவுக்கோதான் ஆகும். மாதக் கடைசி வரை பானையில் கிடந்தால் வண்டும் விழும். வாரம் ஒரு முறை, புழுங்கல், பச்சை, இட்லி அரிசி என மூன்று பையோடு போனால் இந்தப் பாடு பாதி குறையும்.

வங்கி வழி மாதக் கொடையில் தவறுவது வேறு இடத்தில். மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் செய்ய ஒப்புதல் தரும் நாச் படிவத்தில் போட்ட கையெழுத்து வங்கியில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துப்போகாமல் திரும்பும், முக்கியமாகப் பல வருடங்களுக்கு முன் கணக்குத் தொடங்கியவர்களுக்கு. கணக்கில் இருப்பு இல்லாத நாளில் பிடித்தம் போனால் வங்கி கொடுப்பவரிடமே அபராதம் எடுக்கும். முந்நூறு கொடுக்க வந்தவருக்கு அது கசப்பு. பிடித்தத் தேதியை அவருடைய சம்பள நாளைக் கேட்டு வையுங்கள். அரசு ஊழியருக்கு மாதக் கடைசி வேலை நாளில் சம்பளம் விழும், அவருக்கு 3ஆம் தேதி நல்லது. தனியார் ஊழியருக்குப் பெரும்பாலும் 10க்குப் பிறகு. யுபிஐ ஆட்டோபே என்றால் அதை நிறுத்துவது எப்படி என்பதையும் சேரும் நாளிலேயே காட்டிக்கொடுங்கள். நிறுத்தத் தெரிந்தவர்தான் பயமில்லாமல் சேருவார்.

சந்தா சேர்ப்பவருக்குச் சதவீதக் கமிஷன் கொடுக்கலாமா என்பது ஓயாத வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊழியருக்கு மாதச் செலவு 18,000 என்று வைப்போம், அவர் மாதம் 20 பேரை 300 ரூபாய்க்குச் சேர்க்கிறார். மாதம் 6,000 வரவு, எல்லாரும் நீடித்தால் மூன்று மாதத்தில் அசல் திரும்பும். இவர்களில் பாதிப் பேர் முதல் தவணையோடு நின்றால் ஐந்து மாதம். கமிஷன் ஊழியருக்குச் சேர்ப்பதோடு காசு வந்துவிடும், நீடிப்பது அவர் கவலை இல்லை. அதனால் "ஒரு மாசம் மட்டும் போடுங்க சார், அப்பறம் நிறுத்திக்கலாம்" என்று காதோடு சொல்லிச் சேர்ப்பார். நிலையான சம்பளமும், ஆறு மாதம் நீடித்த சந்தாவுக்கு ஒரு சிறு ஊக்கத்தொகையும் சரியான வழி. பிரிட்டனில் சம்பளத்துக்கு வசூலிக்கிறவர் அதைக் கொடுப்பவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போகிறவர் பின்னால் மூன்று காலடிக்கு மேல் நடக்கக்கூடாது என்றும் அங்கே வசூலுக்கு விதி வகுத்தார்கள். இங்கே "நீங்க சம்பளத்துக்கா வர்றீங்க?" என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாம். சம்பளம் இல்லாமல் வெயிலில் அலைகிறவரை மதுரையில் யாரும் நம்புவதில்லை.

கேட்பதற்கு வெட்கப்படுகிறவர்களுக்கு 1934 தொடக்கத்தில் ஹரிஜன நிதிக்காகத் தமிழ்நாட்டில் சுற்றிய காந்தியைச் சொல்லலாம். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் என்று விலை வைத்தார், வந்த பரிசுகளை மேடையிலேயே ஏலம் விட்டார். நகை கழற்றிக் கொடுத்த பெண்ணிடம் அதற்குப் பதிலாக வேறு நகை வாங்கிப் போடக்கூடாது என்று வாக்கும் வாங்கிக்கொண்டார்.

முதல் நன்கொடை வந்து ஒரு மாதத்துக்குள் கொடுத்தவரைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும், அன்றைக்கு எதுவும் கேட்கக்கூடாது. மருந்துக் கடைப் பில்லின் நகல் ஒன்று, இல்லத்தின் பெயர் போட்ட காலண்டரோ பிரசாதமோ ஒன்று, அவ்வளவு போதும். "என்ன, மறுபடியுமா?" என்று கை கல்லாப் பக்கம் போகும். "இல்லண்ணே, போன மாசம் கொடுத்ததுக்குப் பில்லு" என்றால் ஒரு டீ வரும். அதைக் குடித்துவிட்டு வாருங்கள். மூன்றாவது சந்திப்பில் மாதச் சந்தா கேட்கலாம்.

மார்ச் 31 மாலைக்குள் வெளியில் இருக்கும் எல்லாப் புத்தகங்களும், பாதி எழுதியதும் எழுதாததும், அலுவலகத்துக்குத் திரும்பிவிட வேண்டும். எழுதாத ரசீதுகளின் எண்களைப் பதிவேட்டில் குறித்து, குறுக்கே கோடு போட்டு, தணிக்கையாளர் பார்க்கும் வரை பூட்டி வையுங்கள். ஏப்ரலில் புது வரிசை எண்ணோடு முதல் புத்தகம் ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கடைவீதிக்குப் போகலாம்.